போடாத வெள்ளி: ரப்பர் போல நீளும் மின்கடத்தி டோக்கியோவில் உருவான விதம்

கலவையில் போட்டது வெள்ளிச் செதில், ஃபுளோரின் ரப்பர், சோப்பு போல வேலை செய்யும் ஒரு சர்ஃபேக்டன்ட், இவற்றைக் கலந்து மையாக்க ஒரு கரைப்பான். அவ்வளவுதான். அதை அச்சடித்து, சூடாக்கி, காயவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, செதில்களுக்கு இடையில் ரப்பருக்குள் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் பரவிக் கிடந்தன. செதிலின் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். யாரும் அவற்றைப் போடவில்லை. தாமாகவே உண்டாகியிருந்தன.

2017 மே மாதம் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகாவோ சொமேயா குழு வெளியிட்ட ஆய்வின் நடுப்புள்ளி இதுதான். நானோ துகள்கள் உருவாகும் என்று எதிர்பார்க்கவில்லை என்று சொமேயாவே அப்போது சொன்னார். ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் நாவோஜி மட்சுஹிசா. அவர்கள் செய்த மையால் அச்சடித்த கோட்டை, முதலில் இருந்த நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கு இழுக்கலாம். அப்போதும் மின்சாரம் பாயும். இழுக்காதபோது அதன் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 6,168 சீமன்ஸ் (மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதற்கான அலகு; எண் கூடினால் நன்றாகக் கடத்தும்). ஐந்து மடங்குக்கு இழுத்தபோது 935.

உடம்பில் ஒட்டிக்கொள்ளும் கருவிகளைப் பற்றிய செய்திகளில் இந்த மாதிரி எண்கள் அடிக்கடி வரும், படித்துவிட்டுக் கடந்துவிடுவோம். இந்த ஒரு கண்டுபிடிப்பை மட்டும் எடுத்து, அதற்கு முன்னால் ஒன்பது ஆண்டு என்ன நடந்தது, அந்த எண்களுக்கு உண்மையில் என்ன பொருள், மனிதத் தோலுக்கு அது எந்த அளவு பயன்பட்டது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

ஏன் இது இவ்வளவு கடினம்

உலோகம் நன்றாகக் கடத்தும், நீளாது. தாமிரத்தின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 6 லட்சம் சீமன்ஸ். வெள்ளி அதைவிடச் சற்று அதிகம். ஆனால் மெல்லிய உலோகப் படலத்தை ஓரிரண்டு சதவீதம் இழுத்தாலே விரிசல் விடத் தொடங்கும். ரப்பர் தாராளமாக நீளும், ஆனால் அது மின்காப்புப் பொருள். முழங்கை, முழங்கால் மேலிருக்கும் தோலோ, மடக்கி நீட்டும்போது 30 சதவீதத்துக்கு மேல் நீண்டு சுருங்கும். சிலிக்கான் சில்லு தோலைவிட லட்சம் மடங்கு விறைப்பானது. இந்த இரண்டையும் ஒட்டவைத்தால் எது விட்டுக்கொடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்று ஒட்டு பிரியும், அல்லது தோல் புண்ணாகும்.

இதற்கு இரண்டு பாதைகள் உண்டு. கடினமான பொருளையே மிக மெல்லியதாக்கி, அலை போலவோ பாம்பு போலவோ நெளிய வைத்து, இழுக்கும்போது அந்த நெளிவு நிமிர்வதால் நீளம் கிடைக்கும்படி செய்வது ஒன்று. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழு 2006இல் சிலிக்கான் நாடாக்களை ரப்பர் மேல் அலையலையாக ஒட்டிக் காட்டியது இந்த வழியில்தான். இன்னொன்று, பொருளையே நீளும்படி செய்வது. வடிவத்தில் எந்தத் தந்திரமும் இல்லாமல், நேர்க்கோடாக அச்சடித்தாலும் நீள வேண்டும், கடத்த வேண்டும். சொமேயா குழுவின் மீள்கடத்திகள், அதாவது ரப்பர் போல நீண்டு சுருங்கும் மின்கடத்திகள், இந்த இரண்டாவது பாதையில் வந்தவை.

ரப்பரைக் கடத்தவைக்க அதற்குள் கடத்தும் துகள்களைக் கலக்க வேண்டும். ஓர் அகலமான ஆற்றைக் கல் மேல் கல்லாகக் கால்வைத்துக் கடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கற்கள் குறைவாக இருந்தால் கடக்க முடியாது. ஓர் அளவைத் தாண்டியதும், இக்கரையிலிருந்து அக்கரைக்கு எங்காவது ஒரு வழி திடீரென்று கிடைத்துவிடும். ரப்பரில் துகள் கலக்கும்போதும் அப்படித்தான்: ஒரு குறிப்பிட்ட அளவு வரை ஏறக்குறைய எதுவும் கடத்தாது, அதைத் தாண்டியதும் கடத்துதிறன் சட்டென்று பல ஆயிரம் மடங்கு ஏறும்.

சிக்கல் இழுக்கும்போது வருகிறது. ஆறு அகலமாகிறது, கற்கள் அதே எண்ணிக்கைதான். இடைவெளிகள் பெரிதாகி, எட்டிக் கால்வைக்க முடியாத தூரம் வந்துவிடுகிறது. சரி, கல்லை இன்னும் அதிகமாகப் போட்டால் என்ன? போடலாம். ஆனால் துகள் கூடக் கூட ரப்பர் தன் குணத்தை இழந்து, விறைத்து, கொஞ்சம் இழுத்தாலே அறுந்துவிடும். கடத்துதிறனும் நீட்சியும் ஒன்றையொன்று தின்கிற நிலை இது. இந்தத் துறையில் இருபது ஆண்டுகளாக நடக்கும் வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கும் முயற்சிதான்.

2008: கார்பன் வழியாக ஒரு தொடக்கம்

சொமேயா குழு முதலில் தொட்டது வெள்ளியை அல்ல. ரோபோக்களுக்குத் தோல் செய்வது அவர்களின் நோக்கமாக இருந்தது. 2005இல் பிளாஸ்டிக் படலத்தை வலை போலத் துளையிட்டு, அழுத்தத்தையும் வெப்பத்தையும் உணரும் ஒரு விரிப்பைச் செய்தார்கள். வலை என்பதால் 25 சதவீதம் நீண்டது. உண்மையில் நீண்டது வடிவம்தான், பொருள் அல்ல.

2008இல் சுயோஷி செகிதானியும் சொமேயாவும் வேறு குழுக்களோடு சேர்ந்து பொருளையே மாற்றினார்கள். இங்கே மூன்று வெவ்வேறு அறிவுகள் ஒரே பாத்திரத்தில் கலந்ததைச் சொல்ல வேண்டும். மில்லிமீட்டர் உயரத்துக்கு வளரும் கார்பன் நானோகுழாய்கள் (கார்பன் அணுக்களால் ஆன மிக மெல்லிய குழாய்கள்) கென்ஜி ஹதா என்ற ஆய்வாளரிடமிருந்து வந்தன. நானோகுழாய்களை அயனித் திரவத்தோடு (திரவ நிலையிலேயே இருக்கும் ஒரு வகை உப்பு) சேர்த்து அரைத்தால் கூழாகிவிடும் என்பது தகானோரி ஃபுகுஷிமாவும் தகுசோ ஐடாவும் 2003இல் கண்டுபிடித்திருந்தது. அந்தக் கூழுக்கு இணங்கிப்போகும் ரப்பர் ஃபுளோரின் ரப்பர். நானோகுழாய்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டிதட்டிக்கொள்ளும் பிடிவாதக்காரப் பொருள். அவற்றைப் பிரித்து ரப்பருக்குள் சீராகப் பரப்பியதுதான் இங்கே பெரிய வெற்றி.

கிடைத்தது சென்டிமீட்டருக்கு 57 சீமன்ஸ். அந்தப் படலத்தையும் வலையாகத் துளையிட்டு மேலே சிலிகோன் பூசியபோது 134 சதவீதம் வரை நீண்டது. அடுத்த ஆண்டே அதை அச்சடிக்கக்கூடிய பசையாக்கி, கடத்துதிறனை 100க்கு மேல் கொண்டுபோய், ஆர்கானிக் எல்.இ.டி. திரை ஒன்றைச் செய்தார்கள். அந்தத் திரையை 30 முதல் 50 சதவீதம் வரை இழுக்கலாம், அரைக்கோளத்தின் மேல் போர்த்தலாம்.

அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். ஆனால் தாமிரத்தோடு ஒப்பிட்டால் 57 என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு நானோகுழாயும் தனக்குள் நன்றாகவே கடத்தும். ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில்தான் மின்தடை குவிகிறது. ஆற்றுக் கல் உதாரணத்தில் சொன்னால், கற்கள் நீளமானவை, ஆனால் கல்லுக்குக் கல் தாண்டும் இடம் ஒவ்வொன்றும் வழுக்குகிறது.

2015: வெள்ளிச் செதில்

மட்சுஹிசா சேர்ந்தபின் வந்த 2015 ஆய்வு உலோகத்துக்குத் திரும்பியது. மைக்ரோமீட்டர் அளவுள்ள, தட்டையான வெள்ளிச் செதில்கள், ஃபுளோரின் ரப்பர், ஃபுளோரின் சர்ஃபேக்டன்ட், கரைப்பான். ஒரே முறை அச்சடித்தால் போதும். இழுக்காதபோது 738 சீமன்ஸ், 215 சதவீதம் இழுத்தபோது 182.

இதில் எனக்குப் பிடித்தது சர்ஃபேக்டன்டின் வேலை. மை காயும்போது வெள்ளிச் செதில்களை ரப்பர் முழுக்கச் சீராக விட்டுவைக்காமல், மேற்பரப்பை ஒட்டி ஒன்றுசேர வைத்தது அது. ஒட்டுமொத்த வெள்ளியின் அளவு கூடவில்லை. ஆனால் வெள்ளி இருக்க வேண்டிய இடத்தில் நெருக்கமாக இருந்தது. கீழே மீதி ரப்பர் ரப்பராகவே இருந்து நீண்டுகொடுத்தது. ஆற்றின் அகலம் முழுக்கக் கல்லைத் தூவாமல், ஒரு வரிசையாக அடுக்கி வைத்தது போல.

இந்த மையைத் துணியின் மேல் அச்சடித்து, தசை மின்னலைகளைப் பதியும் ஈ.எம்.ஜி. உணரியை உடையிலேயே செய்து காட்டினார்கள். சட்டை போட்டுக்கொண்டால் போதும், கம்பி தனியாகக் கட்ட வேண்டாம். அதே 2015இல் சொமேயாவின் ஆய்வுத் திட்டத்திலிருந்து ஜெனோமா என்ற நிறுவனம் பிரிந்து, உணரி பதித்த உடைகளைச் செய்யத் தொடங்கியது.

2017: சிறு கற்கள்

இப்போது தொடக்கத்தில் சொன்ன நுண்ணோக்கிப் படத்துக்கு வருவோம்.

2015 கலவையைப் போன்ற ஒன்றுதான் 2017 கலவையும். அதே வகை ரப்பர், அதே வகைச் செதில். ஆனால் கடத்துதிறன் எட்டு மடங்கு ஏறியது, நீட்சி 215 சதவீதத்திலிருந்து 400 சதவீதமாக (ஐந்து மடங்கு நீளம் என்றால் இதுதான்) ஏறக்குறைய இரட்டிப்பானது. செதில்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இது நடந்திருக்கக் கூடாது. ஐந்து மடங்குக்கு இழுத்த ரப்பரில் செதில்கள் ஒன்றையொன்று விட்டு வெகுதூரம் போயிருக்க வேண்டும்.

விடை அந்த இடைவெளிகளில் இருந்தது. பெரிய கற்களுக்கு நடுவில் எண்ணற்ற சிறு கற்கள். வெள்ளிச் செதிலிலிருந்தே வெள்ளி பிரிந்து, ரப்பருக்குள் நானோ துகள்களாகச் சேர்ந்திருக்கிறது. சூடாக்குவதும் சர்ஃபேக்டன்ட் சேர்ப்பதும் இதை விரைவாக்கின, துகளின் அளவையும் மாற்றின. ரப்பரின் மூலக்கூறு எடையை மாற்றினால் துகள்களின் எண்ணிக்கையும் பரவலும் மாறின. எதிர்பாராமல் கண்டதோடு விடாமல், எதைத் திருகினால் எது மாறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, தங்கள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததுதான் இந்த ஆய்வின் உண்மையான உழைப்பு. நல்ல எண் வந்ததும் கட்டுரையை முடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஏன் இந்த எண் இவ்வளவு நல்லதாக இருக்கிறது என்று கேட்டு உள்ளே பார்த்திருக்கிறார்கள். எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் மதிப்புக்குரியதாகப் படுவது அதுதான்.

நடைமுறையிலும் இதற்கு ஒரு பலன் உண்டு. வெள்ளி நானோ துகள்களைத் தனியாக வாங்கிக் கலக்கலாமே என்று தோன்றும். அவை விலை அதிகம். ரப்பருக்குள் கட்டிதட்டாமல் பரப்புவதும் சிரமம். செதில் மலிவானது, அச்சுத்தொழிலில் வெள்ளிப் பசைகளில் பல காலமாகப் பயன்படுவது. மலிவான செதிலைப் போட்டு, விலையுயர்ந்த துகளைக் கலவைக்குள்ளேயே விளைவித்துக்கொள்வது என்றால், அது தொழிற்சாலைக்குப் போகக்கூடிய வழி. இந்த மையை வைத்தே முழுக்க முழுக்க அச்சடித்த உணரி வலையைச் செய்து, 250 சதவீதத்துக்கு மேல் இழுத்த நிலையிலும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் சரியாக அளக்கிறது என்று காட்டினார்கள்.

எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்

6,168இலிருந்து 935 என்றால் ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் கடத்துதிறன் என்பது பொருளின் குணம். சுற்றில் நாம் சந்திப்பது கம்பியின் மின்தடை. ரப்பரை ஐந்து மடங்குக்கு இழுத்தால் நீளம் ஐந்து மடங்காகும்; கன அளவு மாறாததால் குறுக்குப் பரப்பு ஐந்தில் ஒன்றாகும். வடிவம் மாறியதால் மட்டுமே மின்தடை 25 மடங்கு ஏறிவிடும். அதோடு கடத்துதிறன் குறைந்ததையும் பெருக்கினால், மொத்தம் சுமார் 165 மடங்கு.

இது என் கணக்கு. இன்னும் கைக்குப் பிடிபடும்படி சொல்கிறேன். 10 செ.மீ. நீளம், 1 மி.மீ. அகலம், 50 மைக்ரோமீட்டர் தடிமன் உள்ள ஒரு கோட்டை எடுத்துக்கொள்வோம். 2008இன் கார்பன் கலவையில் அதன் மின்தடை சுமார் 350 ஓம். 2015இன் வெள்ளியில் 27 ஓம். 2017இல் 3 ஓமுக்குச் சற்று மேல். தாமிரத்தில் 0.03 ஓம். ஒன்பது ஆண்டில் 350இலிருந்து 3க்கு வந்திருக்கிறார்கள், இது எளிதில் நடக்கிற காரியம் இல்லை. ஆனால் அதே 2017 கோட்டை ஐந்து மடங்குக்கு இழுத்தால் 500 ஓமைத் தாண்டிவிடும்.

இது நல்லதா கெட்டதா என்பது எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. தசை அல்லது இதய மின்னலையைப் பதியும் கருவியின் உள்வாங்கும் மின்தடை மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம், கணக்கில் இருக்கும். அதன் முன்னால் 500 ஓம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதே கோட்டின் வழியாக ஓர் எல்.இ.டி.க்கு 10 மில்லி ஆம்பியர் அனுப்பினால், கோட்டிலேயே 5 வோல்ட் வீணாகும். விளக்கு எரியாது. ஆகவே "ஐந்து மடங்கு நீளும்" என்ற வாக்கியத்தைப் படிக்கும்போது, எதைச் சுமந்துகொண்டு நீளுகிறது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். சமிக்ஞைக் கம்பிக்கு ஒரு விடை, மின்வழங்கும் கம்பிக்கு வேறு விடை.

இன்னொரு பக்கமும் உண்டு. மனித உடம்புக்கு ஐந்து மடங்கு தேவையே இல்லை. 30 சதவீதம் நீளும் தோலில், வடிவ மாற்றத்தால் மின்தடை 1.7 மடங்குதான் ஏறும். ஐந்து மடங்கு நீளக்கூடிய பொருளை 30 சதவீதம் மட்டும் இழுக்கும்போது அது தன் எல்லைக்கு வெகு கீழே, நிம்மதியாக வேலை செய்யும். ஒரு பாலத்தைப் பத்து லாரிக்குக் கட்டி, இரண்டு லாரியை விடுவது போல. ஆயிரக்கணக்கான முறை மடங்கி நீளும் முழங்கைக்கு அந்தக் கூடுதல் இடைவெளிதான் ஆயுள். பெரிய எண்ணின் உண்மையான பயன் இங்கேதான் என்று நினைக்கிறேன்.

தோல் கேட்ட வேறு கேள்வி

என் அம்மாவுக்கு ஒருமுறை ஹோல்ட்டர் என்று சொல்லும் 24 மணி நேர ஈ.சி.ஜி. கருவி மாட்டினார்கள். மறுநாள் கழற்றியபோது பசை ஒட்டிய இடமெல்லாம் தோல் சிவந்து வட்டம் வட்டமாகத் தடித்திருந்தது. ராத்திரி அரிப்பு தாங்காமல் தூக்கத்திலேயே ஒன்றை அம்மாவே பிய்த்துவிட்டதால், அதன்பின் வந்த பதிவு பாதிக்கு மேல் பயன்படவில்லை. கருவியில் எந்தக் கோளாறும் இல்லை, மாட்டியவர்கள் மேலும் தவறில்லை. ஒட்டியிருந்த பொருள் தோலை மூச்சுவிட விடவில்லை, அவ்வளவுதான்.

நீளும் ரப்பர் கடத்திக்கும் இதே பிரச்சினை உண்டு. எவ்வளவு மென்மையாக இருந்தாலும் ரப்பர் தாள் வியர்வையை அடைத்துவைக்கும். ஒரு மணி நேரம் தெரியாது. ஒரு வாரம் என்றால் தோல் ஊறி, சிவந்து, புண்ணாகும்.

மீள்கடத்தி ஆய்வு வெளியான அதே 2017இல், இரண்டு மாதம் கழித்து, சொமேயா குழு இன்னொரு ஆய்வை வெளியிட்டது. அதில் ரப்பரே இல்லை. பாலிவினைல் ஆல்கஹால் என்ற, தண்ணீரில் கரையும் பாலிமரை மின்புலத்தால் இழுத்து, 300 முதல் 500 நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாக நூற்று வலையாக்கினார்கள். அதன் மேல் 100 நானோமீட்டர் அளவுக்குத் தங்கத்தை ஆவியாக்கிப் படியவைத்தார்கள். அந்த வலையைத் தோலில் வைத்துத் தண்ணீர் தெளித்தால், இழைகள் கரைந்து பசையாகி, தங்க வலையைத் தோலோடு ஒட்டிவிடும். விரல் ரேகையின் மேடு பள்ளம் வரை படிந்துகொள்ளும். வலை என்பதால் வியர்வை வெளியேறும், காற்று உள்ளே போகும்.

கெய்யோ பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியோடு சேர்ந்து 20 பேரின் தோலில் ஒரு வாரம் ஒட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அழற்சி தெரியவில்லை. ஆள்காட்டி விரலில் ஒட்டி 10,000 முறைக்கு மேல் மடக்கி நீட்டிய பின்னும் மின்சாரம் பாய்ந்தது. முன்கையில் பதிந்த ஈ.எம்.ஜி. அலை, வழக்கமான கூழ் தடவிய மின்முனையில் கிடைப்பதற்கு ஈடாக இருந்தது.

நீட்சி என்று பார்த்தால் இந்தத் தங்க வலை அந்த ரப்பர் கடத்தியின் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஐந்து மடங்கு இழுத்தால் அறுந்துபோகும். ஆனால் தோல் அதைக் கேட்கவில்லை. தன் நீட்சிக்குத் தகுந்த அளவு நீள வேண்டும், மூச்சுவிட வேண்டும், ஒரு வாரம் கழித்தும் சிவக்கக் கூடாது, இதுதான் அது கேட்டது. ஒரே ஆய்வுக்கூடம் ஒரே ஆண்டில் இந்த இரண்டையும் செய்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரப்பர் கடத்தி உடையிலும் ரோபோவிலும் கம்பியாகப் போக வேண்டியது. தோலைத் தொடும் கடைசி ஒரு மைக்ரோமீட்டருக்கு வேறு பொருள் வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே மென்பொருளைத் தேடும் ஆசை (மென்மையான பொருள் என்ற அர்த்தத்தில் சொல்கிறேன்) இந்தத் துறையில் பலருக்கு இருக்கிறது. அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

2020இல் அதே நானோ வலையை விரல் நுனிக்கான அழுத்த உணரியாக்கினார்கள். 18 பேருக்கு ஒட்டிச் சோதித்தபோது, ஒட்டியிருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு பொருளைப் பிடிக்கும் விசையும் வெறும் விரலால் பிடிக்கும்போது இருந்தது போலவே இருந்தது. விரலில் ஒரு மெல்லிய பிளாஸ்டர் சுற்றியிருந்தாலே தம்ளரைச் சற்று அழுத்திப் பிடிப்போம். அந்த வித்தியாசம்கூட வரவில்லை.

வெள்ளியும் ஃபுளோரினும்

மனிதருக்கு இணக்கமான கருவி என்று பெயர் வைத்தால், மையில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

வெள்ளி கறுக்கும். கொலுசு போட்டவர்களுக்குத் தெரியும், வியர்வையும் காற்றிலுள்ள கந்தகமும் பட்டால் என்ன ஆகும் என்று. ரப்பருக்குள் இருப்பதால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் வெளித்தெரியும் முனையில் அது நடக்கும். உடம்புக்குள் வைக்கும் கருவி என்றால் வெள்ளி அயனி கசிந்து திசுவைப் பாதிக்கலாம். இதற்கு 2018இல் தென்கொரியாவின் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஓர் அழகான வழி கண்டார்கள்: வெள்ளி நானோகம்பியின் மேல் தங்க உறை போட்டு ரப்பரில் கலப்பது. அதன் கடத்துதிறன் 41,850 சீமன்ஸ், 266 சதவீதம் நீளும். பன்றியின் இதயத்தின் மேல் வலையாகப் போர்த்தி வேலை செய்ய வைத்தார்கள். எண்ணில் டோக்கியோவை விஞ்சியது. ஆனால் நானோகம்பியை வளர்த்து, உறையிட்டு, கலந்து செய்ய வேண்டியது. செதிலைக் கலந்து அச்சடிப்பதன் எளிமை அதற்கு இல்லை. இரண்டுக்கும் இடம் உண்டு: ஒன்று அறுவை சிகிச்சை அறைக்கு, ஒன்று சட்டைக்கு.

ஃபுளோரின் இன்னும் பெரிய கேள்வி. டோக்கியோ கலவையில் ரப்பரும் ஃபுளோரின் சேர்ந்தது, சர்ஃபேக்டன்டும் ஃபுளோரின் சேர்ந்தது. இயற்கையில் எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள் முழுவதையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகள் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையிடம் முன்மொழிவு கொடுத்தன. ஃபுளோரின் ரப்பர்களும் அதன் வரம்புக்குள் வந்தன. துவைத்துத் துவைத்துப் போடும் உடையில் இந்த மையை அச்சடிப்பதானால், துவைத்த தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. 2017 வெளியீட்டின்போதே, ஃபுளோரின் இல்லாத வேறு ரப்பர்களைப் பயன்படுத்துவதைப் பற்றி ஆய்வாளர்கள் பேசினார்கள்.  இன்று அதற்குப் பெரிய காரணம் இருக்கிறது. நானோ துகள் தானாக விளையும் அந்த நல்ல குணம் ஃபுளோரின் இல்லாத ரப்பரிலும் வருமா என்பதைத்தான் இந்த வழியில் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கம்பி முடியும் இடம்

நீளும் கம்பியை எங்கேயாவது நீளாத ஒன்றோடு சேர்த்தாக வேண்டும். சில்லு, பேட்டரி, விளக்கு எல்லாம் கடினமானவை. இழுக்கும்போது, மென்மையும் கடினமும் சேரும் அந்த விளிம்பில்தான் முழு இழுவையும் குவிகிறது. துணியில் பட்டன் தைத்த இடத்தைச் சுற்றித்தான் முதலில் கிழியும், அது போல.

2018 பிப்ரவரியில் சொமேயா குழு டாய் நிப்பான் பிரிண்டிங் நிறுவனத்தோடு சேர்ந்து தோலில் ஒட்டும் திரை ஒன்றைக் காட்டியது. ரப்பர் தாளில் நீளும் கம்பிகளால் இணைத்த மைக்ரோ எல்.இ.டி.கள், 16க்கு 24 என்ற வரிசையில். தடிமன் சுமார் 1 மி.மீ., 45 சதவீதம் நீளும். நெஞ்சில் ஒட்டிய நானோ வலை பதியும் இதய அலை, கம்பியில்லாமல் வந்து, புறங்கையில் ஒட்டிய திரையில் நகரும் கோடாகத் தெரிந்தது. வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களையும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் நினைத்துச் செய்தது. கைப்பேசியைத் தேடி, கண்ணாடியைத் தேடி, செயலியைத் திறக்க வேண்டாம். கையைப் பார்த்தால் போதும். ஆனால் அந்தத் திரையின் ஒவ்வொரு புள்ளியும் கடினமான சில்லு. கடினமும் மென்மையும் சேரும் விளிம்பு ஒவ்வொரு புள்ளியிலும் உண்டு.

அப்புறம் மட்சுஹிசா என்ன செய்தார் என்பது இதற்கு நேரான பதில். வெளிநாடு போய், சிங்கப்பூரிலும், பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஷெனான் பாவோவின் ஆய்வுக்கூடத்திலும் வேலை பார்த்தார். 2021இல் அங்கிருந்து வந்த ஆய்வில் கம்பி மட்டுமல்ல, டையோடே (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) நீளும். இரண்டு மின்முனைகள், குறைக்கடத்தி, மின்சாரத்தைச் சேகரிக்கும் அடுக்கு எல்லாமே நீளும் பொருளால் ஆனவை. நீளும் பொருள்களில் மின்துகள் மெதுவாக நகர்வதால், இத்தகைய உறுப்புகள் அதுவரை அதிவேகத்தில் வேலை செய்யத் தடுமாறின. இந்த டையோடு 13.56 மெகாஹெர்ட்ஸ் வரை எட்டியது. உங்கள் மெட்ரோ அட்டை வாசற்கதவோடு பேசும் அதே அலைவரிசை அது. அந்த வேகம் கிடைத்ததால், பேட்டரி இல்லாமல் காற்றின் வழியே மின்சாரம் வாங்கிக்கொள்ள முடியும். நீளும் ஆண்டெனா, நீளும் உணரி, நிறம் மாறும் ஒற்றைத் திரைப்புள்ளி ஆகியவற்றை அந்த டையோடோடு இணைத்துக் காட்டினார்கள். அதன்பின் அவர் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கே திரும்பிவந்து, தன் ஆய்வுக்கூடத்தில் இந்தப் பொருள்களோடுதான் வேலை செய்துகொண்டிருக்கிறார்.